காய்ந்த கையால் போட்ட டிக்

கண்ணு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாய். ஓட்டை ஓட்டையாகப் போட்ட ஒரு மரப்பலகையில் ஐம்பது பித்தளைக் குப்பிகள் பளபளவென்று வரிசையாக நின்றன. கீழே ‘ஆரம்பிச்சாச்சு’ என்று ஒற்றை வார்த்தை. நான் அப்போது மங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தேன். திருப்பூர்க்காரன் கண்ணுக்குப் பித்தளை எதுவானாலும் அது துணியில் அடிக்கிற சாமான்தான். தொப்பி வைத்த பனியனில் கழுத்துக் கயிறு தொங்குமே, அதன் முனையில் மாட்டுகிற குப்பி என்று ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டேன். பையன் அமெரிக்காவில் சைடு பிசினஸ் ஆரம்பித்துவிட்டான் என்று பக்கத்து நாற்காலிக்குச் சொன்னேன். அது அதற்கடுத்த நாற்காலிக்குப் போனது. ஒரு பனியன் கம்பெனிக்காரர் எழுந்தே வந்து, “மினிமம் எத்தன பீஸ்ங்க? சாம்பிள் கெடைக்குங்களா?” என்றார். “உங்களுக்குன்னா பையன்கிட்டப் பேசறேனுங்க” என்று நானும் பெரிய மனுசனாட்டம் சொன்னேன்.

எதிரே பட்டாளத்திலிருந்து வந்து செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்த்தார். “ஏனுங்க, இது தோட்டாங்க. சுட்டு முடிச்ச தோட்டாவோட கூடு. உங்க பையன் என்ன வேல பாக்கறாருங்க?” என்றார். கம்ப்யூட்டர் வேலை என்று நான் சொன்னதை அந்த வரிசையில் ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. சாம்பிள் கேட்டவர் சத்தமில்லாமல் வேறு வரிசைக்குப் போய்விட்டார். இலையில் போட்ட ஜிலேபியைக்கூட நான் தலை நிமிராமல்தான் தின்றேன்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் நீ வந்ததும் ஹலோகூடச் சொல்லாமல், யாரோ ஒட்டுக் கேட்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டு, “கண்ணு, போலீசு கீலீசு வருமா?” என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கிரீன் கார்டு வந்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் வீடு வாங்குகிறார்கள். நீ துப்பாக்கி வாங்கியிருக்கிறாய். சனிக்கிழமை கிளப்பில் போய்க் காகிதத்தைச் சுடுகிறேன் என்று முன்பே சொன்னதுதான். சரி, காகிதம்தானே என்று விட்டுவிட்டேன். தோட்டாவையும் நீயே கையால் செய்வாய் என்று எனக்கு எந்தக் கிளி வந்து சொல்லும்?

நீ கேரேஜைச் சுற்றிக் காட்டினாய். மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய கைப்பிடி மெஷின். ஒரு குட்டித் தராசு. பூட்டுப் போட்ட அலமாரி. சுட்ட கூட்டைப் பொறுக்கி வந்து கழுவி, அடியில் நெருப்புப் பிடிக்கிற பழைய பொட்டைத் தட்டி எடுத்துப் புதுப் பொட்டு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்தினால் மறுபடியும் தோட்டா என்று பாடம் எடுத்தாய்.

“அங்க தோட்டா கடைல கெடைக்காதா கண்ணு?” என்றேன்.

“கெடைக்குதுங்கப்பா. ஆனா அது எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாச் செஞ்சது. நம்ம துப்பாக்கிக்கு ஏத்தாப்புல நாமளே செஞ்சா, பத்துக் குண்டும் ஒரே எடத்துல போய் உக்காரும்.”

“ரெடிமேடுக்கும் அளவெடுத்துத் தைக்கறதுக்கும் இருக்கற வித்தியாசம்னு சொல்லு.”

“அதேதாங்கப்பா!” என்று நீ துள்ளினாய். உன் அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “அங்க போயுமா மிசினுக்கு முன்னால நிக்கறே? அதுக்கு இங்கியே நின்னிருக்கலாமில்ல சாமி?” என்றாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கிளப்பில் ஒரு நாள் வகுப்புக்குப் போனாய், அளவுப் புத்தகம் வாங்கினாய், அதில் போட்டிருப்பதற்கு மேல் ஒரு துளியும் போகமாட்டேன் என்றாய். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. பதினாறு வருசம் சாயப்பட்டறையில் கலர் கிச்சனில் நின்றவன் நான். பேரைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரர்கள் சாப்பாடு போடுகிற இடம் என்று நினைப்பார்கள். சாயத்தை நிறுத்துக் கரைக்கிற அறை அது. சீட்டில் எழுதியபடி கிராம் கணக்கில் நிறுத்து, கரைத்து, மெஷினுக்கு அனுப்பி, சாயங்காலம் ஆர்டர் தந்த பையர் கொடுத்த துண்டுத் துணியோடு நம் துணியை வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாக இருந்தால் வருகிற சந்தோசம் எனக்குத் தெரியும். பத்துக் குண்டும் ஒரே ஓட்டையில் விழுகிறதைப் பற்றி நீ பேசியபோது உன் முகம் அப்படித்தான் இருந்தது. வேண்டாம் விடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அதற்குப் பதிலாக, “இதுல எதுக்குக் கண்ணு ரொம்பப் பயப்படோணும்?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். இந்த நாலு நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

“ஒரே கூட்டுல மருந்து ரெண்டு தடவ விழுந்தறக் கூடாதுங்கப்பா. விழுந்துட்டா, சுடறப்பத் துப்பாக்கியே கைக்குள்ள வெடிச்சிரும். மூஞ்சி பக்கத்துலதான வெச்சிருப்போம்.”

“அதெப்படி ரெண்டு தடவ விழும்?”

“கவனம் செதறுனா விழும். அதுக்குத்தான் போன ஆஃப் பண்ணி வெளிய வெச்சர்றேன். சின்னப் பையனா இருக்கறப்ப நான் போன் பண்ணி உங்க சாயத் துணி லாட்டே கெட்டுப்போச்சே, அது எனக்கு மறக்குங்களா? போன் இல்லைன்னா ஒண்ணும் ஆகாதுங்கப்பா.”

நீ சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். அப்புறம் நீ ஏதேதோ பேசினாய்; என் காதில் எதுவும் ஏறவில்லை. கேரேஜ் விளக்கை அணைத்துவிட்டு, “வெக்கட்டுங்களாப்பா?” என்றாய். “சரி கண்ணு” என்றேன். சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது. அதற்குள் போன் இருட்டாகிவிட்டது.

அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை, இப்போது வேலை பார்க்கும் முதலிபாளையம் கம்பெனி ஸ்டோரில், கருப்பு நூல் கேட்ட தையல் லைனுக்கு நேவி நூலைக் கொடுத்தேன். லைன் சூப்பர்வைசர் பொண்ணு திருப்பிக் கொண்டுவந்து, “அங்கிள், கண்ணாடி மாத்தோணும்போல” என்றாள். மாற்றிக் கொடுத்தேன். மறுபடியும் நேவி. அவள் தானே போய் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடை. டிவி முன்னால் உட்காருவேன், எழுவேன். “டைல்ஸ் தேயுதுங்க. ஒண்ணு பையனுக்குப் போன் போடுங்க, இல்ல ஒரு எடத்துல உக்காருங்க” என்கிறாள் உன் அம்மா. உட்கார்ந்துதான் எழுதுகிறேன், நாலு நாளாக. பத்து வரி எழுதினால் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர். பத்தாம் வகுப்பில் தமிழில் நான் வாங்கிய மார்க் உனக்குத் தெரியும். இவ்வளவு எழுதுவதே பெரிய காரியம்.

அந்த லாட்டுக் கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். இருந்தாலும் இன்னொரு தடவை எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் எப்போதும் தாவிப் போகிற ஓர் இடம் இருக்கிறது.

உனக்கு அப்போது ஒன்பது வயது. முந்நூறு கிலோ துணி, ஆலிவ் பச்சை. மஞ்சள், சிவப்பு, நேவி என்று மூன்று சாயம். ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் பக்கெட்டில் கொட்டியதும், சீட்டில் அந்தப் பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். அதுதான் முறை. ஆனால் கலர் கிச்சனில் நிற்பவன் கை எப்படி இருக்கும்? ஒரு சாயத்தைத் தொட்ட ஈரக் கையோடு பேனாவைப் பிடித்தால் சீட்டெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக அப்பிக்கொள்ளும். பையர் கம்பெனியிலிருந்து ஆடிட் என்று வருகிறவர்கள் அந்தச் சீட்டுகளைத்தான் முதலில் கேட்பார்கள். கறை படிந்த சீட்டைத் தூக்கிக் காட்டி முதலாளி ஒருமுறை என்னை எல்லார் முன்னாலும் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். அன்றிலிருந்து நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வேலை ஆரம்பிக்கும் முன்பே, காய்ந்த கையால், மூன்றுக்கும் டிக் போட்டுவிடுவேன். அப்புறம் நிதானமாக நிறுத்துக் கொட்டுவேன். சீட்டு பளிச்சென்று இருந்தது. ஆடிட்காரர் பாராட்டிவிட்டுப் போனார். ‘இவனப் பாத்து மத்தவங்க கத்துக்குங்க’ என்று முதலாளி என்னைக் காட்டினார். பத்து மாதமோ என்னவோ அப்படியே ஓடியது, ஒரு தப்பும் வரவில்லை.

அன்றைக்கு நேவி இரண்டு முறை விழுந்துவிட்டது. நிறுத்தாயிற்றா இல்லையா என்று சீட்டைக் கேட்டால், அது எல்லாம் ஆயிற்று என்று வேலை தொடங்குமுன்பே சொல்லி வைத்திருக்கிறது. மெஷினைத் திறந்தபோது வந்த நிறத்துக்கு இந்த உலகத்தில் பெயர் கிடையாது. முதலாளி ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏப்பா, பையரு ஆலிவ் கேட்டானா, ஆட்டுப் புழுக்க கேட்டானா?” என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு, “பையன் போன் பண்ணுனானுங்க, அந்த நேரத்துல கை தவறிப்போச்சுங்க” என்றேன். பக்கத்து ஊட்டு அக்கா போனிலிருந்து நீ கூப்பிட்டது நிஜம்தானே. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். “கொளந்த கூப்பட்டா என்ன பண்றது, போ. இனிமே போன உள்ள கொண்டு போகாத” என்று விட்டுவிட்டார். மறுநாள் கலர் கிச்சன் கதவில் ஒரு பலகை தொங்கியது: செல்போன் கூடாது. அந்தத் துணி முழுவதற்கும் கருப்பு அடித்தார்கள். எங்கள் தொழிலில் தப்பாகிப்போன நிறமெல்லாம் கடைசியில் கருப்புக்குத்தான் போகும்.

நீ செய்கிற வேலையில் கருப்பு அடிக்க முடியாது கண்ணு. இதுதான் என்னை உட்காரவிடாமல் துரத்துகிறது.

அதனால் சொல்கிறேன், பக்கத்தில் இருந்து சொல்வதாக நினைத்துக்கொள். போனை வெளியே வைப்பது நல்லதுதான், வை. ஆனால் போன் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொன்னாயே, அதை மட்டும் நம்பாதே. முதல் இரண்டு மாதம் உனக்கு ஒன்றும் ஆகாது. பயம் உன்னைக் காப்பாற்றும். ஒவ்வொரு கூட்டையும் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பாய். எனக்குக் கவலையெல்லாம் அதற்கப்புறம்தான், கை பழகி, ‘இதெல்லாம் எனக்குத் தெரியும்’ என்று அதுவே வேலை செய்ய ஆரம்பிக்கிற நாள்தான். அன்றைக்கு மனசு வேறெங்காவது இருக்கும், கை பாட்டுக்கு நிறுத்துக்கொண்டும் கொட்டிக்கொண்டும் இருக்கும். எதையும் முன்னாலேயே ஆயிற்று என்று எழுதி வைக்காதே, சீட்டு அழுக்கானால் ஆகட்டும். குண்டைப் பொருத்துவதற்கு முன்னால் எல்லாக் கூட்டையும் வரிசையாக நிறுத்தி டார்ச் அடித்து உள்ளே பார். ஒன்றில் மட்டத்துக்குக் கூடவோ குறையவோ தெரிந்தால், ஏன் என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் எல்லாவற்றையும் திருப்பிக் கொட்டி முதலிலிருந்து ஆரம்பி. மேசையில் ஒரு சமயத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். நான் ஒருமுறை சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் மூடியை மாற்றிப் போட்டவன், அதைத் தனியாக ஒரு கடிதமாக எழுதலாம், வேண்டாம். என் மருமகள் கூப்பிட்டால் எழுந்து போ. எழுந்து போனால் பாதியில் நின்றதைத் தொடராதே. கண்ணுக்குக் கண்ணாடி போடு. சலிப்பாக இருக்கிற அன்றைக்கு அந்தக் கதவையே திறக்காதே. காகிதம் எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த சனிக்கிழமையும் அங்கேதான் நிற்கும்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன் அம்மா என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்தாள். மறைத்துக்கொண்டேன். “இந்த வயசுல யாருக்குங்க லெட்டரு?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

அந்த லாட்டுக்குப் பிறகு நம் வீட்டில் அது ஒரு ஜோக்காகிவிட்டது. சொந்தக்காரர் யார் வந்தாலும், “எங்க பையன் ஒரு போன்ல முந்நூறு கிலோத் துணியக் கருப்பாக்கிட்டானுங்க” என்று நானே ஆரம்பிப்பேன். நீயும் கூடவே சிரிப்பாய். அன்றைக்கு நீ எதற்குக் கூப்பிட்டாய் என்பதை மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள், நானும் சொன்னதில்லை. “அப்பா, பின்னால யாரும் புடிக்காம சைக்கிள் ஓட்டறேங்கப்பா, கரண்ட் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்தேன்” என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. ஓட்டி முடித்த கையோடு ஓடி வந்து கூப்பிட்டிருக்கிறாய்.

அதற்கப்புறம் நீ என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பன்னிரண்டாவது மார்க் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வேலை கிடைத்ததும் அப்படித்தான், கிரீன் கார்டும் அப்படித்தான். இன்றைக்கும் என்னோடு பேச வேண்டுமென்றால் முதலில் ‘ஃப்ரீயா இருக்கீங்களாப்பா?’ என்று மெசேஜ் போடுகிறாய். நான் ஸ்டோரில் சும்மா உட்கார்ந்து நூல் கோனைப் பார்த்துக்கொண்டிருப்பேன், என்னைவிட ஃப்ரீயான ஆள் முதலிபாளையத்திலேயே கிடையாது. இந்தத் தோட்டா விசயமும் படமாகத்தான் வந்தது. பையன் மரியாதை தெரிந்தவன் என்று வெளியில் பெருமையடித்துக்கொள்வேன். அது மரியாதை இல்லை, அன்றைக்குப் பிடித்த பயம் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நிஜமாக என்ன நடந்தது என்று என்னைத் தவிர இன்னும் ஓர் ஆளுக்குத் தெரியும். அந்த மெஷினை ஓட்டிய ஆரோக்கியம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். முதலாளி போன பிறகு குழாயடியில் இருவரும் கை கழுவிக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்க்காமல், “என்ன அண்ணாச்சி, போயும் போயும் பிள்ள மேலயா பழியப் போட்டிய?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். வேறு யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. நான் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நேவி சாயம் நகக்கண்ணை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேரேஜ் விளக்கை அணைக்கும்போது நான் சொல்லாமல் விட்டது இதுதான். போன் ஒலித்தபோது என் கையில் தராசுத் தட்டு இல்லை. அந்தச் சாயம் கரைந்து, ஆரோக்கியத்தின் மெஷினுக்குள் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், யாரும் கூப்பிடவில்லை, எதுவும் குறுக்கே வரவில்லை. நன்றாகத் தெரிந்த வேலையை, நன்றாகப் பழகிய கையால், இரண்டு முறை செய்திருக்கிறேன்.

நீ சைக்கிள் ஓட்டினேன் என்று கூப்பிட்டபோது, கண்ணு, நான் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.